அந்தோனியார் தள்ளிவிடவில்லை

செலினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் பக்கத்து லயத்து ரெஜினோல்ட் தன் த்ரீவீல் ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு நிற்கிறான், கஹவத்தை டவுனில் ஆஸ்பத்திரிக்குப் போக வேன் காத்திருக்கிறது. புருஷன் ஸ்டீபனோ தோட்டத்து லயக் காம்பரா அறையில் கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். இன்றைக்குப் போகாவிட்டால் ஆபரேஷனுக்குக் கொடுத்த திகதி கைநழுவிவிடும். இடது காலைத் தொடையோடு எடுக்காவிட்டால் புற்றுநோய் நெஞ்சுக்கு ஏறும், ஆளே மிஞ்சமாட்டான்.

"திருநாள் முடியட்டும். சுரூபத்தத் தூக்கிட்டு அப்புறம் வர்றேன்," என்றான் ஸ்டீபன்.

போன திருநாளில் அந்தோனியார் சுரூபத்தைத் தோளில் சுமந்து போகும்போது வடிகால் கானில் வழுக்கி விழுந்தான். சுரூபத்தின் கை உடைந்தது. பிறகு தொடை வீங்கியது. அவ்வளவுதான், இது அந்தோனியார் கொடுத்த தண்டனை என்று மனதில் ஆணியடித்துக்கொண்டான். திரும்பச் சுமந்தால் வீக்கம் வற்றிவிடுமாம். லயமே அதற்கு ஆமாம் போட்டது.

"எத்தன தடவைங்க சொல்றது? டாக்டர் சிங்களத்துல சொன்னத ஒன்னு விடாம சொன்னேனே! குருத்தெலும்புல ஒரு செல்லு. அதுக்குள்ள ரெண்டு ஜீன் அறுந்து, மாறி ஒட்டிக்கிச்சு. அந்த செல்லுக்கு எப்ப நிறுத்தணும்னு தெரியல, பெருகிக்கிட்டே போவுது."

"அறுந்துச்சுன்னு நீயே சொல்றியே. விழுந்தப்பதான் அறுந்திருக்கும்."

"ஐயோ, என் உசிர வாங்காதீங்க! கண்ணுக்கே தெரியாத சாமான் அது. விழுந்தெல்லாம் அறாது. முந்தியே உள்ள இருந்திருக்கு. அதுல காலு பலம் கொறஞ்சுதான் நீங்க விழுந்திருப்பீங்கன்னாரு."

"அப்ப ஏன் அறுந்துச்சாம்?"

"அது அவருக்கே தெரியாதாம்!"

வெளியே ஹார்ன் அடித்தது. சுவரில் மாட்டியிருந்த அந்தோனியார் படத்தை முறைத்துப் பார்த்தாள் செலினா. அவர்மேலும் கோபம் வந்தது. நான் இல்லையப்பா என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன?

ஸ்டீபன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"என் குத்தம்னா மன்னிப்புக் கேக்கலாம் செலினா. குத்தமே இல்லேன்னா நான் யார்கிட்டப் போய்க் கெஞ்சுறது?"

இத்தனை நாளும் போட்ட சண்டையில் அவனுடைய இந்தப் பயம் தெரியாமல் போயிற்றே என்றிருந்தது அவளுக்கு. கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க யார்கிட்டயும் கெஞ்ச வேணாம். நான் ஒங்ககிட்ட கெஞ்சுறேங்க. எனக்கு நீங்க வேணும். காலு போனாப் போகட்டும்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

"செருப்பக் குடு."

அவள் இரண்டையும் எடுத்து மாட்டிவிட்டாள்.