தானாக இறங்கும் பனி

பள்ளி விடுவதற்குள் குழியை மூடிவிட வேண்டும். ஷிஹோ பனிவாரியை ஓங்கிக் குத்தி, பக்கத்துக் குவியலைச் சரித்து உள்ளே தள்ளினாள். காலையில் அப்பாவைத் தோண்டியெடுத்த குழி. ஓரமெல்லாம் அவசரமாக மிதித்த பூட்ஸ் தடங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் அவர் தோள் பதிந்து பனி கண்ணாடிபோல இறுகியிருந்தது. அந்தப் பக்கத்தை அவள் கடைசியாக மூடினாள்.

"மேல கொஞ்சம் தூவி விடும்மா. மிதிச்ச மாதிரி தெரியக் கூடாது," என்றார் கும்பெய். மலைமேல் இருக்கும் இந்தச் சிறு குடியிருப்புக்கு அவர்தான் தலைவர். எழுபதைத் தாண்டியவர். இடது முழங்கால் சரியாக மடங்காது.

"டீச்சர் பின்பக்கம் வர்றதே இல்ல மாமா."

"வந்துட்டா?"

அது மொய்ரா டீச்சரின் வீடு. ஸ்காட்லாந்திலிருந்து இங்குள்ள பள்ளிக்கு ஆங்கிலம் சொல்லித்தர வந்தவள். இது அவளுடைய மூன்றாவது பனிக்காலம். வந்த முதல் வருடம் அப்பாவிடம் பனிவாரி கேட்டு வந்தாள். எல்லாரும் கூரையில் ஏறுகிறார்கள், நானும் ஏற வேண்டாமா என்றாள். அப்பா சிரித்தார். "உங்களுது நல்ல வீடு டீச்சர். தகரக் கூரை. பனி தானா இறங்கிடும்." சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஊருக்கு வந்தவளைக் கூரையில் ஏற்றுவதா?

அன்றுமுதல் அவள் பள்ளிக்குப் போன பிறகு யாராவது ஏறி வாரிவிட்டு, தடமில்லாமல் இறங்கிவிடுவார்கள். இந்த வருடம் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். இன்னொருவர் மகனோடு நகரத்துக்குப் போய்விட்டார். மிச்சம் அப்பாதான். தனியாக ஏறாதீர்கள், கயிறு கட்டாமல் ஏறாதீர்கள் என்று ஊருக்கே சொல்கிறவர், இன்று தனியாக, கயிறில்லாமல் ஏறியிருந்தார். பின்பக்கக் கூரையில் பாதி வாரியதும் மீதி சரிந்து அவரையும் இழுத்துக்கொண்டு விழுந்தது.

"உங்க வீட்டுக் கூரையிலேருந்து விழுந்தார்னு சொல்லிடலாம். உங்கம்மாவும் சரின்னுட்டாங்க," என்றார் கும்பெய்.

"எங்க கூரை என்ன உயரம் மாமா? அதுலேருந்து விழுந்தா பூனைக்குக்கூட அடிபடாது. அப்பாவப் பத்தி என்ன பேசுவாங்க?"

"பேசட்டும். உங்கப்பன் ஷிகெஹரு கேட்டுட்டா இருக்கப் போறான்? அடுத்த வருஷத்துக்கு டீச்சர் இந்த மாசம்தான் கையெழுத்துப் போடணும். தெரிஞ்சா போடுவாங்களா? அவங்க இடத்துல நீ இருந்தா இங்க இருப்பியா?"

இதற்குமுன் வந்த டீச்சர்கள் ஒரு பனிக்காலத்தைக்கூடத் தாண்டவில்லை. இவளும் போய்விட்டால் பள்ளியைக் கீழே உள்ள பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். ஷிஹோவின் மகள் நான்காவது படிக்கிறாள். பள்ளி போனால் பிள்ளைகள் உள்ள வீடுகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போகும்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கூரையின் இந்தப் பக்கம் வெறும் தகரம். முகட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் உயரத்துக்குப் பனி அப்படியே நின்றது.

"அந்தப் பக்கம், மாமா?"

"பாக்கலாம்."

வீட்டுக்குள் எங்கோ ஓர் உத்திரம் முனகியது. இருவரும் அது கேட்காததுபோல நின்றார்கள்.

மாலையில் டீச்சர் வந்தாள். கறுப்பு உடை. காதில் எப்போதும் இருக்கும் தோட்டைக்கூடக் கழற்றியிருந்தாள். அப்பாவை வழக்கப்படி வடக்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் வெள்ளைத் துணி, தீயது அண்டாமலிருக்க மார்பில் சிறு கத்தி. அம்மா கினுயே ஊதுவத்தி அணையாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். டீச்சர் முழந்தாளிட்டு, கும்பிட்டு, நெற்றி பாயில் படக் குனிந்தாள். எழுந்திருக்க வெகுநேரமாயிற்று.

"எப்படி ஆச்சு அம்மா?"

அம்மா ஷிஹோவைப் பார்த்தாள். கும்பெய் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்.

"எங்க கூரைலதான்," என்றாள் ஷிஹோ. "கால் வழுக்கிடுச்சு."

சொல்வது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

டீச்சர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். "என் வீட்டுத் தகரத்தையே நீங்களும் போடுங்கன்னு போன மாசம்தான் அவர்கிட்ட சொன்னேன். இந்த வயசுல ஏற வேண்டாமேன்னு. சிரிச்சார். அவ்வளவுதான், சிரிச்சார்."

துணியைச் சரிசெய்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. பிறகு ஓரத்தை மெல்ல இழுத்துவிட்டாள். "டீ ஆறிடும் டீச்சர். குடிங்க."

டீச்சர் வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்பதுபோலச் சொன்னாள்: "நாளைக்குச் சனிக்கிழமை. சமையலுக்குக் காலையிலேயே வந்துடறேன். குளிக்கத்தான் கஷ்டம். குளியலறைக் கதவு நேத்துலேருந்து நகர மாட்டேங்குது. சோப்பு தேச்சுப் பார்த்தேன். இன்னைக்கு நடு அறைக் கதவும் அப்படித்தான்."

கும்பெய் கோப்பையைக் கீழே வைத்தார். கூரையில் பாரம் ஏறினால் உத்திரம் தாழும். உத்திரம் தாழ்ந்தால் கதவு இறுகும். இங்கே பிறந்த குழந்தைக்கும் அது தெரியும்.

"டீச்சர்," என்றாள் அம்மா. "இன்னைக்கு இங்கயே எங்களோட படுத்துக்கங்க. எனக்கு பயமா இருக்கு."

அம்மா எதற்கும் பயந்து ஷிஹோ பார்த்ததில்லை. டீச்சர் உடனே நகர்ந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் பூட்ஸை மாட்டும்போது கும்பெய் குரலைத் தாழ்த்தினார். "காலைல அவங்கள சமையல்கட்டுலயே பிடிச்சு வை. நான் போய் அந்தப் பக்கத்த இறக்கிடறேன்."

"உங்க முழங்கால வச்சுக்கிட்டா?"

"முழங்காலா வாரப் போகுது? கைதானே."

"யாராவது கூட வரட்டும் மாமா."

"யாரு இருக்கா, சொல்லு."

ஷிஹோ உள்ளே திரும்பிப் பார்த்தாள். டீச்சரின் முதுகு தெரிந்தது. அகலமான, பலமான முதுகு. "அவங்ககிட்ட சொல்லிடலாம். முப்பது வயசுகூட ஆகல. நம்ம எல்லாரையும்விட நல்லா ஏறுவாங்க."

"உங்கப்பன் அவங்களுக்குச் சொன்னத நான் பொய்யாக்கவா?" அவர் கதவை இழுத்தார். வெளியே பனி மறுபடி விழத் தொடங்கியிருந்தது.

காலையிலும் அது நிற்கவில்லை. சமையலறையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் முள்ளங்கி நறுக்கினார்கள். டீச்சர் கையை நனைத்துக்கொண்டு சோற்றுருண்டை பிடித்தாள்.

"என்ன டீச்சர், முக்கோணமா பிடிக்கச் சொன்னா பந்து பிடிச்சு வச்சிருக்கீங்க. பசங்க எடுத்து வீசிடப் போறாங்க," என்றாள் எதிர்வீட்டு நொபுகோ.

"பள்ளிக்கூடத்துல நான் மார்க் போடறேன். இங்க நீங்க போடுங்க," என்றாள் டீச்சர். துக்க வீடு என்பதால் பெண்கள் சத்தமில்லாமல் சிரித்தார்கள்.

ஷிஹோ சிரிக்கவில்லை. ஒரு வேலை முடியுமுன் அடுத்ததைக் கொடுத்தாள். உருண்டை முடிந்ததும் கோப்பை துடைக்கச் சொன்னாள். கோப்பை முடிந்ததும் தட்டு. நடுநடுவே ஜன்னலைப் பார்த்தாள். பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எந்தச் சத்தமும் கேட்கவில்லை. கேட்காதவரை நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஊதுவத்தி மாற்ற உள்ளே போனாள். அம்மா சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள். வத்தி கடைசிச் சாம்பலில் இருந்தது. புதியதைப் பற்றவைத்துவிட்டு அப்பாவின் அருகே கொஞ்சம் உட்கார்ந்தாள். கொஞ்சம்தான்.

திரும்பி வந்தபோது டீச்சரின் இடம் காலியாக இருந்தது.

"பெரிய பாத்திரம் ஒண்ணு வீட்ல இருக்குன்னு எடுக்கப் போனாங்க," என்றாள் நொபுகோ. "வேண்டாம்னேன், கேக்கல."

ஷிஹோ வாசலில் கைக்குக் கிடைத்த பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டு ஓடினாள். கூப்பிட வாயைத் திறந்தால் பனி உள்ளே போனது. டீச்சர் வீட்டின் முன்கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளே யாருமில்லை. வீட்டைச் சுற்றி, பனி இறங்காத அந்தப் பக்கம் போனாள்.

கூரையோரத்தில் ஏணி சாத்தியிருந்தது. மேலே கும்பெய். இடுப்பில் கயிறு இல்லை. வெட்டிய பனி பாளம் பாளமாக ஏணிக்கு அப்பால் வந்து விழுந்தது. ஏணியின் அடியில் டீச்சர் நின்றாள். சமையல் ஏப்ரனோடு, கையுறை இல்லாமல், ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல்களில் சோறு ஒட்டியிருந்தது. தலையும் தோளும் வெளுத்திருந்தன. வந்து சற்று நேரமாகியிருக்க வேண்டும்.

"இறங்கச் சொன்னேன்," என்றாள் திரும்பாமல். "கேக்க மாட்டேங்கறார்."

ஷிஹோ மூச்சு வாங்கினாள்.

"ஷிஹோ."

"ம்."

"நேத்து யாரு பிடிச்சா?"

மேலிருந்து ஒரு பாளம் விழுந்து நொறுங்கியது. அதன் தூள் மெல்ல அடங்கியது.

"யாரும் பிடிக்கல."

டீச்சர் பிடியை மாற்றிக்கொண்டு சற்று ஒதுங்கினாள். ஷிஹோ வந்து ஏணியின் மறுகாலைப் பிடித்தாள். இரும்பு கையைச் சுட்டது. மேலே பனிவாரி ஒவ்வொரு முறை இறங்கும்போதும் தகரத்தில் எழுந்த அதிர்வு ஏணி வழியாக உள்ளங்கைக்கு வந்தது. ஒன்று. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

பிறகு அதிர்வு நின்றது.

இருவரும் அண்ணாந்தார்கள். கூரையின் விளிம்பு மட்டும் தெரிந்தது. பனி கண்ணில் விழுந்தது. யாரும் கண்ணைத் துடைக்கக் கையை எடுக்கவில்லை.