ஈரம் காய்வதற்குள்

டிக்கெட்டம்மாவின் முகத்துக்கு நான் விரல் நுனியால் கிரீம் தடவுவதில்லை. விரல்களை மடக்கி, பின்பக்கத் தோலால்தான் தடவுவேன். வேலைக்கு வந்த முதல் நாள் தெரியாமல் நுனியால் தொட்டுவிட்டேன். படுத்திருந்தவர் முகத்தைச் சுளித்து, "என்ன இது, உப்புத்தாள வச்சுத் தேய்க்கிறியா?" என்றார். பதினேழு வருஷம் கல் உடைக்கிற ஆலையில் ஜல்லி அள்ளின கை. ரேகை தேய்ந்துபோய் எந்த மெஷினும் என் விரலை ஒத்துக்கொள்வதில்லை. ஆலையில் வேலை பார்த்ததைச் சொன்னேன். "அப்போ உன் பேரு கல்லு" என்றார். அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் கல்லு.

அவருக்கும் அப்படித்தான். பஸ் டிப்போவின் முன்பதிவுக் கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து முப்பத்தோரு வருஷம் டிக்கெட் கொடுத்தவர். தெருவில் அவர் பேர் யாருக்கும் தெரியாது. டிக்கெட்டம்மா என்றால் வீட்டைக் காட்டுவார்கள். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கிறவனுக்கு என் மூஞ்சி மட்டும்தான் தெரியும். கிழிஞ்ச செருப்பு போட்டுட்டுப் போனாலும் ஒருத்தனுக்கும் தெரியாது. அதனால மூஞ்சியை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது" என்பார். இடுப்புக்குக் கீழே உணர்வு போய் ஒன்றரை வருஷம் ஆகியும் அந்த விஷயத்தில் அவர் தளரவில்லை.

வாரம் ஒரு தரம் வருகிற நர்ஸ்தான் முறையைச் சொல்லிக் கொடுத்தது. சோப்பு கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். அந்த ஈரம் காய்வதற்குள் கிரீமைத் தடவிவிட வேண்டும். காய்ந்த தோலில் தடவினால் மேலே மினுக்கும், உள்ளே ஒன்றும் நிற்காது. உதட்டுக்குத் தனி. அறையில் ஏ.சி. போட்டால் காற்று வறண்டுவிடும், ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைக்க வேண்டும். நான் எதையும் விடவில்லை. காலையும் சாயங்காலமும் நெற்றி, மூக்கின் இரண்டு பக்கம், கன்னம், தாடை. இவ்வளவு நேரம் ஒரு மனுஷ முகத்தை நான் தொட்டதே கிடையாது. என் புருஷன் முகம் எனக்குக் கல்தூசி அப்பின முகமாகத்தான் தெரியும். அதைக் கழுவி வைத்துப் பார்த்தது அவரைக் கிடத்தியிருந்த அன்றைக்குத்தான்.

தடவி முடித்ததும் கையில் கொஞ்சம் மிஞ்சும். "அதை உன் மூஞ்சில பூசிக்கோ, வறட்டி மாதிரி இருக்கு" என்பார் அம்மா.

"எனக்கு இது பத்தாதும்மா. சிமெண்டுதான் பூசணும்."

சிரிப்பார். சிரித்தால் கன்னம் இரண்டும் பளபளவென்று மேலே ஏறும்.

அந்தக் கன்னத்தைத்தான் மகள் பார்ப்பாள். ஒரே மகள். இரண்டு விமானம் மாறி வர வேண்டிய தூரத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போனில் கூப்பிடுவாள். நான் கட்டிலின் வலது பக்கம் நின்று போனைப் பிடிப்பேன். திரையில் அம்மாவின் முகம் மட்டும் தெரியும். அதற்குக் கீழே ஒட்டிப்போன கழுத்தெலும்பு, தலையணை முட்டுக்கொடுத்த முதுகு, முதுகிலிருக்கிற புண் எதுவும் தெரியாது. "அக்கா, அம்மா முகம் என்னமா ஜொலிக்குது. நீங்க இருக்கீங்கன்னுதான் நான் நிம்மதியா தூங்குறேன்" என்பாள். எனக்குப் பெருமையாக இருக்கும். போனை வைத்த பிறகு அம்மா என்னைப் பார்த்து, "எப்ப வர்றாளாம்?" என்று கேட்பார். காது நன்றாகக் கேட்கும். மகள் சொன்னதை அவரும்தான் கேட்டிருப்பார். இருந்தாலும் என் வாயால் கேட்க வேண்டும். "அடுத்த மாசம்மா." இப்படி மூன்று அடுத்த மாசம் போயிற்று.

நர்ஸ் போன மாதம் வந்தபோது அம்மாவின் கையில் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டது. தூக்கின இடத்திலேயே தோல் கூடாரம் மாதிரி நின்றது, இறங்கவில்லை. என்னைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய், "தண்ணி எவ்வளவு குடிக்கிறாங்க?" என்றது.

"ஸ்பூன்ல குடுத்தா ரெண்டு, மூணு. அப்புறம் வாயை மூடிக்கிறாங்க."

"முகம் உங்க கைராசியில நல்லா இருக்கு. ஆனா அது மேல்பூச்சு. உள்ள வத்திக்கிட்டு வருது. ஒரு மாசமோ, கம்மியோ. பாக்க வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க."

அன்று சாயங்காலமே மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நீங்க பயப்படுறீங்க அக்கா. ஞாயித்துக்கிழமை பாத்தேனே, முகம் நல்லாத்தானே இருந்துச்சு. முடியாதவங்க முகம் அப்படியா இருக்கும்?" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பயந்தவள் எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். அவள் பிடித்துக்கொண்டிருந்தது என் கைவேலையை.

மறுநாள் காலையில் முகத்தை ஒற்றினேன். கிரீம் டப்பாவை எடுக்கவில்லை.

இதை எப்படிச் சொன்னாலும் நியாயம் ஆகாது. இரண்டாம் நாள் மூக்கோரத்தில் வெள்ளை வெள்ளையாகச் செதில் எழும்பியது. மூன்றாம் நாள் கன்னத்தில் கோடு கோடாகப் பிளவு, குளம் வற்றின தரை மாதிரி. உதட்டுக்கு மட்டும் என்னால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை, நனைத்த பஞ்சை வைத்துக்கொண்டே இருந்தேன். அப்படியும் நடுவில் வெடித்து ஒரு பொட்டு ரத்தம் நின்றது.

"கல்லு, கிரீம் தீந்துபோச்சா?"

"ஆமாம்மா."

அவர் கண் அலமாரிக்குப் போயிற்று. டப்பா கண்ணாடியால் ஆனது. பாதிக்கு மேல் இருந்தது வெளியே தெரிந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கிண்ணத்துத் தண்ணீரை மாற்றுகிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் திரையில் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா, என்ன இது? அம்மா முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?"

"உள்ள தண்ணி இல்லம்மா. நீங்க ஒரு தடவை வந்துட்டுப் போங்க."

"சரி, சரி. நான் பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டாள். குரல் உடைந்திருந்தது. வந்துவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். பூட்டிக் கிடந்த அவளுடைய அறையைத் திறந்து கூட்டினேன். மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தேன். விரிப்பு மாற்றினேன். அம்மா எல்லாச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். எந்தக் கதவு திறக்கிறது என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு ஆறு ஸ்பூன் தண்ணீர் குடித்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். பார்சல்காரர். பெட்டிக்குள் பஞ்சு சுற்றி ஆறு டப்பா கிரீம். எப்படித் தடவுவது என்று படம் போட்ட தாள் ஒன்று. முதலில் முகத்தைக் கழுவவும், ஈரம் காய்வதற்குள் தடவவும் என்று அதிலும் இருந்தது.

"யாரு வந்தது?" என்றார் அம்மா உள்ளேயிருந்து.

"பார்சல்மா."

"கொண்டா பாப்போம்."

கொண்டுபோய்க் காட்டினேன். ஆறையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். டிப்போவில் சில்லறையை எண்ணிப் பார்த்திருப்பாரே, அந்த மாதிரி. "நல்ல கம்பெனிதான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீ அந்த ரூமைப் பூட்டிடு கல்லு, தூசி அடையும்" என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் பேச வேண்டி வரும். பேச இருவருக்கும் தெம்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே சொன்னார். "போடு. நல்லதா போடு." தண்ணீரைச் சூடு பார்த்து, ஒற்றி எடுத்து, ஈரம் இருக்கும்போதே புது டப்பாவைத் திறந்து தடவினேன். வியாழக்கிழமையிலிருந்தே பழைய டப்பாவிலிருந்து எடுத்துத் தடவி வந்ததில் செதிலெல்லாம் அடங்கியிருந்தது. கன்னம் மறுபடி மினுங்கியது. கண்ணாடி கேட்டார். பிடித்தேன். இடமும் வலமுமாகப் பார்த்துவிட்டு, "இப்ப ஏழரை மணி வண்டிக்கு டிக்கெட் குடுக்கலாம்" என்றார்.

பத்து மணிக்குப் போன் அடித்தது. நான் எடுத்துக்கொண்டு வலது பக்கம் வந்து நின்றேன். அம்மா இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்தார். வாரக்கணக்கில் தானாகப் புரண்டு படுக்காதவர். தோள் கொஞ்சம் எழும்பியது, மூச்சு இழுத்தது. தலையணையில் முகத்தை உரசிக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

"அம்மா, இங்க பாரும்மா. கிரீம் வந்துச்சா?"

அம்மா சுவரைப் பார்த்தபடியே கிடந்தார்.

"தூங்குறாங்களா அக்கா?"

"இல்லம்மா. முழிச்சுத்தான் இருக்காங்க."

"அப்போ போனை அந்தப் பக்கம் கொண்டு போங்க. முகத்தைக் காட்டுங்க."

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடம் இருந்தது. தினமும் அங்கே நின்றுதான் விரிப்பைச் செருகுவேன். "அங்க போக முடியாதும்மா" என்றேன்.

மகளின் முகம் திரைக்குக் கிட்டே வந்தது, இன்னும் கிட்டே வந்தது, கடைசியில் நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் தெரிந்தன. இந்தப் பக்கம் அம்மாவின் பின்னந்தலை. படுத்துப் படுத்து முடி சிக்குப் பிடித்து, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு உதிர்ந்து, தோல் சிவந்து தெரிந்தது. அவள் அதை இதுவரை பார்த்ததில்லை. மடக்கின விரல்களின் பின்பக்கம் எனக்கு இன்னும் பிசுபிசுத்தது. நான் போனை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.