பதினேழாம் படி

பதினேழாம் படி என்னுடையது. கிண்டியில் இருக்கும் ஆறு மாடிக் கட்டடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து டோக்கன்களாக விற்றபோது, என் சேமிப்பு முழுவதையும் போட்டு அதை வாங்கினேன். மற்றவர்களுக்கு ஜன்னல், தூண் என்று கிடைத்தது. ஒருவருக்கு மூன்றாம் மாடியின் எதிரொலி கிடைத்தது. அவர் நல்ல லாபத்தில் இருக்கிறார்.

யாராவது என் படியை மிதித்தால் எனக்கு வலது முழங்காலில் கூசும். கூசினால் வருமானம் வருகிறது என்று அர்த்தம். நான் கூசக் கூச வளர்ந்தவன் இல்லை, ஆனால் பழகிவிட்டது.

ஐந்து வருடத்துக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. நிபந்தனையின் பெயர் மணவாளன். அவர் என் படியின் ஓரத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருப்பார். இன்னும் நான்கு வருடம் அப்படி உட்கார வேண்டும். தங்கமான மனிதர்.

எனக்கோ ஒரு நாள் மாலை ஐந்து மணிக்குள் பணம் வேண்டியிருந்தது. எமிமாவும் நானும் ஆறு வருடமாகக் காதலித்துவந்தோம். வீடு அமையாமல் கல்யாணம் ஐந்து முறை தள்ளிப்போயிருந்தது. ஒருவழியாக மடிப்பாக்கத்தில் ஒரு வீடு அமைந்தது. வாடகை பதினெட்டாயிரம். அட்வான்ஸ் பத்து மாத வாடகை. இதுவும் தவறினால் தூத்துக்குடிக்கே போய்விடுவேன் என்று எமிமா சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

பணம் எடுக்கும் அலுவலகம் அதே கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருந்தது. படி ஏறினேன். சொந்தப் படியை உரிமையாளர் மிதிக்கக் கூடாது. அதை மட்டும் தாண்டிப் போனேன்.

"நல்லா தாண்டுறீங்க" என்றார் மணவாளன்.

முந்தைய நாள் டோக்கன் நிறைய விற்றிருந்ததால் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் புதிதாகப் பதினோரு மாடிகள் வந்திருந்தன. சிமென்ட் இன்னும் ஈரமாக இருந்தது. ஆறாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை.

அங்கே பத்மலோசனி என்று ஒரு அதிகாரி இருந்தார். அவர் மேஜையில் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு சின்னச் சுத்தியலும் இருந்தன.

"என்ன வேணும்?"

"என் பணம் வேணும் மேடம். இன்னைக்கே."

"உங்க படி மூணு லட்சத்து இருபதாயிரம் போகுது. சந்தோஷமா?"

"சந்தோஷம். வாங்க ஆள் இருக்கா?"

"விலை இருக்கு."

"ஆள்?"

"ஆளுக்கு வேற பிரிவு சார்."

"அது எங்க இருக்கு?"

"இன்னும் கட்டல. அதுக்கும் டோக்கன் போட்டிருக்கோம். வாங்குறீங்களா?"

வேண்டாம் என்றேன். அவர் ஒரு படிவம் கொடுத்தார். பணம் ஏன் இப்போதே வேண்டும் என்பதற்கு மூன்று காரணம் எழுத வேண்டும். அதில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் ஏற்காது. கல்யாணம் என்று எழுதினேன். வீடு என்று எழுதினேன். மூன்றாவதாக, எமிமா போனாலும் பரவாயில்லை என்று எழுதினேன். கம்ப்யூட்டர் உடனே ஏற்றுக்கொண்டது.

"பணமா வராது" என்றார் பத்மலோசனி. "பொருளா எடுத்துக்கலாம். முன்கூட்டியே எடுக்கறதால ரெண்டு பர்சென்ட் கழிப்போம்."

அவர் சுத்தியலோடு என்னுடன் இறங்கி வந்தார். படியின் ஒரு மூலையை அளந்து உடைத்தார். உடைந்ததைக் கவரில் போட்டு ஒட்டி, சீல் வைத்து, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மேலே போனார். நான் மிச்சத்தைப் பெயர்த்துத் தோளில் வைத்துக்கொண்டேன். படி லேசாகத்தான் இருந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்த மணவாளன்தான் கனம்.

"இறங்கக் கூடாதா சார்?"

"நாலு வருஷம் இருக்கே" என்றார் வருத்தத்தோடு.

அவரையும் சுமந்துகொண்டு வாசலுக்கு இறங்கினேன். ஒரு ஆட்டோ வந்து நின்றது. எமிமா இறங்கினாள். அவள் பிடித்திருந்த கையின் மறுமுனையில் ஹவுஸ் ஓனர் தசரதன் இருந்தார்.

"அஞ்சு மணிக்கு வேற பார்ட்டி வருதாம். விட்டா போயிருவாருன்னு கையோட கூட்டியாந்துட்டேன்" என்றாள். பிறகு என் தோளைப் பார்த்தாள். "பணத்த எடுத்துட்டு வாங்கன்னா என்னத்தத் தூக்கிட்டு நிக்கீங்க?"

"இதுதான் பணம்."

"மேல உக்காந்திருக்கது?"

"அது நிபந்தனை."

மணவாளன் அவளுக்கு ஒரு முறுக்கு கொடுத்தார். வாங்கிக்கொண்டாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. தசரதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு ஐம்பது.

அப்போது மாடியில் அலுவலகம் முடிந்தது. நானூறு பேர் டிபன் பாக்ஸோடு இறங்கி வந்து பதினெட்டாம் படியில் நின்றார்கள். ஒரு படிதானே, தாண்டிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த இடைவெளி படியின் விலை அளவுக்கு இருந்தது. விலை ஏற ஏற அதுவும் அகன்றுகொண்டே போனது. அக்கரையில் பத்மலோசனி சின்னதாகத் தெரிந்தார்.

"சார், படியை வைங்க!" என்று கத்தினார். "எனக்கு அஞ்சு பத்துக்கு டிரெயின்!"

"வாங்கிக்குங்க மேடம்! ஆள் வந்தாச்சில்ல!"

"நாலு வருஷத்துக்கு வாங்க முடியாது சார்!"

"மேடம் சரியாத்தான் சொல்றாங்க" என்றார் மணவாளன். முறுக்கை மென்று விழுங்கிவிட்டு யோசித்தார். "விக்கத்தான் கூடாது. வாடகைக்கு விடக் கூடாதுன்னு யாரும் எழுதல."

என் வயிறு அரை அங்குலம் முன்னால் வந்தது. இடுப்பில் ஒரு சாவிக்கொத்து முளைத்தது. நான் பேசிய குரல் என் குரல் இல்லை.

"வாடகை பதினெட்டாயிரம். பத்து மாச அட்வான்ஸ். ஆணி அடிக்கக் கூடாது. ஒன்பது மணிக்கு மேல மிதிக்கக் கூடாது. சொந்தக்காரங்க வந்தா ரெண்டு நாளைக்கு மேல நிக்கக் கூடாது."

"நான்வெஜ்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"டிபன் பாக்ஸ் மூடியிருந்தா பரவால்ல."

நானூறு பேரும் பையைத் திறந்தார்கள். பணத்தை ஒரு கூடையில் போட்டுக் கயிறு கட்டி இறக்கினார்கள். கூடை என் கைக்கு வந்தபோது மணி நாலு ஐம்பத்தொன்பது. நான் அதை அப்படியே தசரதனிடம் கொடுத்தேன். அவர் கூடையை எமிமாவிடம் பிடிக்கச் சொல்லி, எண்ணாமல் எடைபோட்டுப் பார்த்து, சாவியைக் கொடுத்தார்.

"நீங்களும் ஓனர்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார் மரியாதையாக. "இந்தக் காலத்துல குடித்தனக்காரங்க நல்லவங்களா கிடைக்கிறது கஷ்டம் சார்."

"ரொம்பக் கஷ்டம்" என்றேன்.

எமிமா சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்த சிரிப்பில் என் வயிறு பழைய இடத்துக்குப் போனது, சாவிக்கொத்து உதிர்ந்தது. நான் படியை அதன் இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். நானூறு பேர் மணவாளனைச் சுற்றி இறங்கினார்கள். எனக்கு முழங்கால் கூசிக் கூசி, நடு ரோட்டில் நின்று நானும் சிரித்தேன்.

அன்றே மடிப்பாக்கம் போனோம். எமிமா பால் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தாள். வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதம் என்பதால் பால் பொங்கவும் பதினோரு மாதம் எடுத்துக்கொண்டது. பால் பொங்காமல் புது வீட்டில் உட்கார எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. அடுப்பங்கரையிலேயே நின்றோம். இரண்டாவது மாதம் பதிவாளர் வந்து, அவரும் நின்றபடியே எங்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பால் விளிம்புக்கு ஏறி, நான்கு பக்கமும் வழிந்தது. எமிமா அடுப்பை அணைத்துவிட்டு முந்தானையில் கை துடைத்தாள்.

"இனி உக்காரலாம்" என்றாள்.

உட்கார்ந்தோம்.