எந்த அத்தை?

டைம்டேபிள் வருகிறாள் என்றால் அந்தப் பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன்கூட சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார். அத்தனை வாத்தியார்களையும், இருக்கிற ஒரே ஒரு கம்ப்யூட்டர் அறையையும், ஒருவர்மேல் ஒருவர் மோதாமல் வாரம் முழுக்க ஓட்டுகிற துணைத் தலைமையாசிரியை அவள். அப்படி வந்த பட்டப்பெயர்தான் அது. அவள் வீட்டுக்காரர் போனில்கூட அந்தப் பெயரில்தான் அவள் நம்பர் இருக்கிறது. இது அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம், மனுஷன் பிழைத்துப் போகட்டும்.

இப்பேர்ப்பட்டவளிடம்தான் அவள் தங்கை, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, "அக்கா, என்னைப் பெத்தவங்க யாருன்னு தேடிப் பாக்கலாம்னு இருக்கேன்" என்று சொன்னாள்.

தங்கை கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். கைக்குழந்தையாக ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து இந்த வீட்டுக்கு வந்தவள். அது வீட்டில் ரகசியமும் இல்லை, யாரும் உட்கார்ந்து பேசுகிற விஷயமும் இல்லை. அப்பாவும் அம்மாவும் இருந்தவரை அவள் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் மனசு நோகக்கூடாதாம். அக்கா மனசு என்ன இரும்பா?

பெத்தவள் என்று ஒருத்தி வந்து நிற்பாள், பின்னாலேயே ரத்த சொந்தம் என்று ஒரு பட்டாளம் வரும், அப்புறம் இவளுக்கு நான் யார்? நினைத்தாலே டைம்டேபிளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "தாராளமா தேடுடி. நீ ஒண்ணும் அலட்டிக்காதே. எல்லாத்தையும் நான் ஆர்கனைஸ் பண்றேன்."

ஒரு காரியம் நடக்கக்கூடாது என்றால் அதற்கு ஒரு கமிட்டி போட்டால் போதும். பள்ளிக்கூடத்தில் தலை நரைத்தவளுக்கு இது தெரியாதா என்ன?

அடுத்த வாரமே சாப்பாட்டு மேஜை பறிபோனது. அதன்மேல் கோப்புகள் ஏறின. சுவரில் வம்ச வரைபடம் ஏறியது: அம்மா வழிக்கு நீலம், அப்பா வழிக்குப் பச்சை, சந்தேகத்துக்கு மஞ்சள். நடுவில் தங்கையின் பெயர். சுற்றிலும் காலிக் கட்டங்கள், எல்லாமே மஞ்சள். போனில் ஒரு குழு வேறு. அதில் அக்கா, தங்கை, வீட்டுக்காரர். அவரை எதற்குச் சேர்த்தாள் என்று அவருக்கே புரியவில்லை. கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவதோடு தன் ஆராய்ச்சியை முடித்துக்கொண்டார். ஞாயிறுதோறும் கூட்டம். போன கூட்டத்தின் முடிவுகளை வாசித்து முடிப்பதற்குள் எல்லோருக்கும் பசி வந்துவிடும்.

"அந்த இல்லத்துல யாருக்காச்சும் ஒரு போன் போட்டுப் பாத்தா என்னக்கா?" என்றாள் தங்கை.

"எடுத்தேன் கவிழ்த்தேன்னு எதுவும் செய்யக்கூடாது. எல்லாம் முறைப்படி போகணும்."

முறைப்படி போய், இல்லத்தில் அந்தக் காலத்தில் வேலை பார்த்த நர்ஸம்மாவைக் கண்டுபிடித்தார்கள். வயதானாலும் ஞாபகம் கெட்டி. டைம்டேபிள் தனியாகத்தான் போய்ப் பேட்டி எடுத்தாள். தங்கைக்கு லீவு கிடைக்காத நாளாகப் பார்த்து நாள் குறித்திருந்தாள், தற்செயல்தான், நம்புங்கள். நர்ஸம்மா சொன்னது இவ்வளவுதான்: "ரொட்டி பேக்டரிக்குப் பின்னாடி வரிசை வீடு இருக்கே, அங்கேருந்து வந்த குழந்தை. கொண்டுவந்து விட்டது அவ அத்தை."

அத்தை என்றால் அப்பாவின் கூடப்பிறந்தவள். பச்சை! டைம்டேபிள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பச்சைப் பேனாவை எடுத்தாள். அன்றிலிருந்து தேடல் முழுக்க ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான்: அக்காவோ தங்கையோ உள்ள, அந்த வரிசையில் ஒரு காலத்தில் குடியிருந்த ஓர் ஆண். அப்படி ஆண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? எல்லா ஆண்களும்தான்.

கடைசியில் வசமாக ஒருவர் மாட்டினார். பெயிண்டர். கூடப் பிறந்தது அத்தனையும் பெண்கள். டைம்டேபிள் ஒரு சகோதரியையும் விடவில்லை. ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்ந்து, அவர்கள் முழங்கால் வலியிலிருந்து மருமகள் கொடுமை வரைக்கும் குறிப்பெடுத்தாள். அவர்களும் இப்படிக் காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில், அடிக்கடி வந்து போம்மா என்றார்கள். பெயிண்டரிடம்தான் கொஞ்சம் சிக்கல். "உங்களுக்கு வேற ஏதாவது குழந்தை உண்டா?" என்று அவர் மனைவி எதிரிலேயே கேட்டுவிட்டாள். பாவம், அந்த மனுஷன் அன்று ராத்திரி எங்கே படுத்தாரோ.

இதெல்லாம் அடுத்த கூட்டத்தில் அறிக்கையாக வாசிக்கப்பட்டது. தங்கை கன்னத்தில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள், சட்டென்று நிமிர்ந்தாள்.

"நர்ஸம்மா என்ன சொன்னாங்க, அப்படியே சொல்லு."

"கொண்டுவந்து விட்டது அவ அத்தை."

"எந்த அவ? நானா, என்னைப் பெத்தவளா?"

டைம்டேபிள் குறிப்பேட்டைப் புரட்டினாள்.

"இதோ உக்காந்திருக்காரே மாமா, இவரோட அம்மாவை நீ என்னன்னு கூப்பிடுவே?"

"அத்தைன்னு..."

"அப்போ வந்தது பெத்தவளோட மாமியாரா இருக்கலாம் இல்ல?"

வீட்டுக்காரர் முதல்முறையாக நிஜக் கட்டை விரலைத் தூக்கினார். டைம்டேபிள் முறைத்த முறைப்பில் அது இறங்கிவிட்டது. "ஐயய்யோ, எனக்கு இது தோணவே இல்லையேடி!" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து ஒருத்தியை வாய் நிறைய அத்தை அத்தை என்று கூப்பிட்டவளுக்குத் தோணவே இல்லையாம். சரி, நாமும் நம்பிவிடுவோம்.

தங்கை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. எழுந்துபோய் நர்ஸம்மாவுக்கு ஒரே ஒரு போன் போட்டாள். பெத்தவளின் மாமியார்தான். மருமகள் பிரசவத்தோடு கண்ணை மூடிவிட்டாளாம். மகனும் எங்கோ போய்விட்டானாம். கிழவியால் மூத்ததை மட்டும்தான் வைத்துக்கொள்ள முடிந்ததாம். மூத்தது இன்னும் அதே வரிசையில்தான் இருக்கிறது, பஸ் ஓட்டுகிறது. பஸ்! டைம்டேபிள் வாரா வாரம் பெயிண்டரின் சகோதரிகள் வீட்டுக்குப் போய் வந்த வழித்தட பஸ்ஸாகக்கூட இருக்கலாம்.

பெத்தவள் இல்லை என்றதும் டைம்டேபிளுக்கு ஒரு நொடி நிம்மதி வந்தது. வந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். அடுத்த நொடியே வேறு பயம் வந்து உட்கார்ந்தது. வந்திருப்பது அம்மா இல்லை, அக்கா. அந்த உத்தியோகம் ஏற்கெனவே ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாளே!

மூன்று பேருமாகப் போனார்கள். பஸ் ஓட்டுகிறவள் சீருடையைக்கூட மாற்றாமல் வாசலிலேயே நின்றிருந்தாள். நல்ல ஆகிருதி, கணீர்க் குரல். உள்ளே போய் உட்கார்ந்ததும் தங்கையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே அழுதுவிட்டாள். தங்கையும் அழுதாள். வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டைம்டேபிள் மட்டும், தேர்வு அறையில் கண்காணிக்க வந்தவள் போல, விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

"மூக்கைப் பாருங்களேன்! அப்படியே எங்கம்மா மூக்கு!" என்றாள் பஸ் ஓட்டுகிறவள்.

"அது எங்க அப்பா மூக்கு!"

கத்தியது டைம்டேபிள்தான். அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அவள் பொய் சொல்லவில்லை. அந்த வீட்டில் எல்லோரும் காலம் காலமாக அப்படித்தான் சொல்லி வந்தார்கள்: இந்த மூக்கும் மூக்குக்கு மேல் வருகிற கோபமும் அப்பாவுடையது என்று. அது எப்படி முடியும் என்று ஒருவருக்கும், ஒரு நாளும், யோசிக்கத் தோன்றியதே இல்லை.

தங்கை மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஏன்க்கா கத்துறே?"

"நான் எங்கேம்மா கத்தினேன்?" என்று பதறினாள் பஸ் ஓட்டுகிறவள்.

"ஐயோ, உங்களைச் சொல்லலைங்க. எங்க அக்காவைச் சொன்னேன்."

டைம்டேபிளுக்கு நீ, அந்தம்மாவுக்கு நீங்க. இத்தனை மாதமாக எதற்குப் பயந்து செத்தாளோ, அது நடக்கவே போவதில்லை. அவ்வளவு பேரை மேய்க்கிறவள், மூக்கு ஒழுக, சத்தமாக அழுதாள்.

அழுதுகொண்டே நிமிர்ந்தபோதுதான் பஸ் ஓட்டுகிறவளின் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கத்தான் பார்த்தது அந்த முகம். முடியாமல் வாடிப்போய்க் குனிந்தது. ஒரு கை சீருடைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. தங்கையின் தோளில் இருந்த மற்ற கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இங்கே வரும் வழியெல்லாம் டைம்டேபிள் தனக்கென்று நினைத்து வைத்திருந்த முகம் அதுதான்.

அவளுக்குத் தாங்கவில்லை. எழுந்துபோய் பஸ் ஓட்டுகிறவளுக்கு மறுபக்கம், நெருக்கி உட்கார்ந்தாள்.

"சின்ன வயசுல இவ பண்ணின அட்டகாசம் உங்களுக்குத் தெரியாதுல்ல?" என்றாள், மூக்கை உறிஞ்சியபடி. "வேற யாருகிட்டேயும் கேட்காதீங்க. நான் சொல்றேன். முதல்ல, இவ தவழவே இல்ல."

"தவழலையா?" என்றாள் பஸ் ஓட்டுகிறவள், நிமிர்ந்து.