போதும் என்னும் வினைமுற்று

1

இக்கதை ஒரு சத்தத்திலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எதிர்வீட்டு வாயிலில், "போதும்! போதும் அண்ணி! போதும்!" என்று ஓர் ஆண்குரல் கேட்டது. அடுத்து 'டம்' என்று ஒரு தூண் இடிபட்டது. தமிழ் இலக்கணம் கற்பித்தே ஓய்வுபெற்ற எனக்கு அந்த 'டம்' வியப்பளிக்கவில்லை. பொருள் தெளிவான ஒரு சொல்லை மும்முறை கேட்டபின்னும் ஒருவர் ஏன் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தினார் என்பதே வியப்பளித்தது. எழுதுகோலை எடுத்தேன்.

முதல் வரி: அந்தப் பெருவாகனம் அவள் வாழ்வினுள் நுழைந்தபோது—

(வாயிலினுள்ளேயே நுழையவில்லை, வாழ்வினுள் எவ்வாறு நுழையும்? அடித்துவிட்டேன். 'அவள்' என்பதையும் அடித்துவிட்டேன். இதனை எழுதும்போது என் மூக்கின்மேல் இருக்கும் கண்ணாடி அவர் அளந்து கொடுத்தது. ஆகவே, 'அவர்'.)

இரண்டாம் வரி: வெண்ணிறக் களிறொன்று தெருவினிலே—

(பெரிய பொருளைக் கண்டால் யானையைக் கூப்பிடும் பழக்கம் என்னையும் விடவில்லை. அடித்துவிட்டேன்.)

2

அவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தெருவுக்குக் கண்ணாடியம்மா. வருகிறவர் கண்முன் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, "இப்ப நல்லாத் தெரியுதா? இல்ல, முன்னாடி நல்லா இருந்துச்சா?" என்று நாள் முழுதும் கேட்பார். ஊரார் பார்வையைத் திருத்தும் அவருக்குத் தம் வண்டியின் இடப்பக்கம் எங்கே முடிகிறது என்பது மட்டும் தெரியவில்லை. (இம்முரண் தானாக வந்து மடியில் விழுந்ததால் எனக்கே இதன்மேல் ஐயம் உண்டு. ஆனால் அவர் மெய்யாகவே கண்ணாடிக் கடைக்காரர். நான் என்ன செய்ய?)

அவருடைய கணவருக்கு இடுப்பில் அறுவை நடந்திருந்தது. தாழ்வான இருக்கையில் உட்காரவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டில் இருந்ததோ தரையோடு தரையாகப் போகும் ஒரு சிறிய கார். கணவர் அதற்குச் 'சின்னவன்' என்று பெயர் வைத்து, பெற்ற பிள்ளையைப்போலத் துடைத்துவந்தார். அவர் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, கண்ணாடியம்மா சின்னவனைக் கொண்டுபோய் விற்பனையகத்தில் மாற்றாகக் கொடுத்துவிட்டு, உயரமான ஓர் எஸ்.யூ.வி.யுடன் திரும்பினார். கணவரிடம் மூச்சுவிடவில்லை.

ஏறுவதற்கே கைப்பிடியைப் பிடித்துத் தொங்கவேண்டியிருந்தது. உட்கார்ந்தால், முன்னே படுத்திருந்த தெருநாய் பானெட்டுக்குக் கீழே மறைந்துபோயிற்று. அது எழுந்து போய்விட்டதா என்று இறங்கிப் பார்த்து மறுபடி ஏறினார். முதல்நாள் கடைவரை வயிற்றை எக்கிக்கொண்டே ஓட்டினார். தாம் ஒடுங்கினால் வண்டியும் சற்று ஒடுங்கும் என்பதுபோல.

மறுநாள், கணவரை வீட்டுக்கு அழைத்துவருவதற்கான ஒத்திகைக்குக் கொழுந்தனார் வந்தார். எந்த வேலையையும் தாம் செய்தால்தான் உருப்படும் என்று நம்புகிறவர்.

"மாடி வீடா வாங்கிட்டீங்க அண்ணி, லிஃப்ட் வைக்கலையா?"

"கிண்டல் போதும் தம்பி. பின்னாடி நின்னு பாத்துச் சொல்லுங்க."

"மேல யாரையாவது வாடகைக்கு வைங்க, அவங்க பாத்துச் சொல்லுவாங்க."

('போதும்' என்றபின்னும் கிண்டல் நிற்கவில்லை என்பதை வாசகர் குறித்துக்கொள்க.)

வீட்டின் முன்வாசலில் படிகள் உண்டு. பக்கவாட்டுக் கதவுக்கு இல்லை. ஊன்றுகோலுடன் வருபவர் அவ்வழியாகத்தான் நுழைய இயலும். வண்டியைப் பின்னோக்கி உள்ளே விட்டால்தான் கணவர் அமரும் பக்கம் அக்கதவை நோக்கித் திறக்கும். அந்த ஒத்திகையில்தான் 'டம்'. தூணின் காரை உதிர்ந்தது. உச்சியிலிருந்த விளக்கு தலையைச் சாய்த்துக்கொண்டது.

"சாவியைக் குடுங்க அண்ணி. நாளைக்கு நானே போய் அண்ணனைக் கூட்டிட்டு வரேன். இந்த இடி இடிச்சா, போட்ட தையல் அத்தனையும் பிரிஞ்சிடும்."

"நான் வரேன்னு அவருகிட்டச் சொல்லிட்டேன்."

"சரி. நாளைக்கும் இடிச்சீங்கன்னா, சாவி என்கிட்ட. அப்புறம் கேக்கக் கூடாது."

கணவரால் இனிப் பல மாதம் ஓட்ட இயலாது. சாவி கைமாறினால், கடைக்குப் போவதற்கும் கொழுந்தனாரின் ஓய்வுநேரத்தைப் பார்த்துத்தான் கிளம்பவேண்டும். அதை நினைத்துப் பார்த்துவிட்டே கண்ணாடியம்மா சொன்னார்: "சரி."

3

இதுவரை எழுதியிருந்தபோது என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. கண்ணாடியம்மா.

"சார், ஜன்னல்ல நின்னு பாத்துப் பாத்து எழுதுறீங்களாமே? காட்டுங்க."

கதையில் வருபவர் கதையைக் கேட்டால் மறுக்கும் முறை எனக்குத் தெரியவில்லை. கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

"வயித்தை எக்கினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கற்பனை, அம்மா."

"என்ன கற்பனை! நிஜமாவே எக்கினேன். கடைக்குப் போய் இறங்கினப்புறந்தான் மூச்சே விட்டேன்."

துணிவு வந்து, என் ஐயத்தைக் கேட்டேன். "அவ்வளவு முறை 'போதும்' என்றாரே, ஏன் நிறுத்தவில்லை?"

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அந்த வீட்டு ஆம்பளைங்களுக்கு நீங்க பரிமாறிப் பாத்திருக்கீங்களா சார்? போதும்னா, இன்னொரு கரண்டி போடுன்னு அர்த்தம். 'போதும் போதும்'னு கையைக் குறுக்க நீட்டினா, அரைக் கரண்டி. நெசமாவே போதும்னு நெனச்சு நிறுத்திட்டா, மூஞ்சி தொங்கிடும். அண்ணனும் அப்படித்தான், தம்பியும் அப்படித்தான். கல்யாணம் ஆனதுலேர்ந்து இதே பாஷை. இன்னிக்கு அவரு கையை வேற குறுக்க நீட்டினாரா? என் கால் அதுபாட்டுக்கு அரைக் கரண்டி போட்டுடுச்சு."

(அடிக்குறிப்பாக இருக்கவேண்டியது: 'போதும்' என்பது 'செய்யும்' என்னும் வாய்பாட்டு வினைமுற்று. நிகழ்காலத்துக்கும் வரும், எதிர்காலத்துக்கும் வரும். 'இப்போது போதுமானதாக உள்ளது' என்றும் கொள்ளலாம். 'இனிமேல் போதுமானதாகும்' என்றும் கொள்ளலாம். இரண்டாவதைக் கொண்டால், தூணை இடித்தது இலக்கண வழுவன்று.)

இதை அவரிடம் சொன்னேன்.

"அதை அந்தத் தூணுகிட்டச் சொல்லுங்க சார். நாளைக்கு வேற ஒரு வார்த்தை வேணும் எனக்கு."

4

'நில்' என்றேன்.

"அண்ணியைப் பாத்து 'நில்லு'ன்னு அவரு சொல்லுவாரா? உசுரே போனாலும் சொல்ல மாட்டாரு."

"ஏவல் பன்மையாக 'நில்லுங்கள்' எனலாமே?"

அவர் என் தேநீர்க் கோப்பையை மேசைமேல் வைத்து விளிம்பை நோக்கித் தள்ளத் தொடங்கினார். "சொல்லுங்க, பாப்போம்."

"நில்லுங்—"

'கள்' விகுதி வருவதற்குள் கோப்பை தரையில் இருந்தது. (கையெழுத்துப் படியின் இரண்டாம் பக்கத்துக் கறை அவ்வாறு வந்ததே.)

"மரியாதை முடியறதுக்குள்ள கப் போயிடுச்சு, பாத்தீங்களா? நீங்களாவது வந்து 'நில்'லுன்னு சொல்லுவீங்களா?"

"பிறர் வீட்டுப் பெண்மணியை ஒருமையில் ஏவுவது—"

"அப்ப ஜன்னல்லயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் மரியாதை முழுமையாக இருந்தது.

5

மறுநாள் முடிவை எழுத உட்கார்ந்தேன். அவர் தொழிலையே கடன்வாங்கி, வாசகரின் கண்முன் வில்லைகளை வைக்கிறேன்.

வண்டி பூப்போல உள்ளே நுழைகிறது. கொழுந்தனார் நாணித் தலைகுனிகிறார். இப்போது நன்றாகத் தெரிகிறதா? எனக்குத் தலை சுற்றுகிறது.

வண்டி மோதுகிறது, கணவர் வலியால்— இல்லை. இதற்கு முன்பு இருந்ததே நன்று.

தூணையே இரவோடிரவாக இடித்துத் தள்ளி— (கதாசிரியன் கொத்தனாராகக் கூடாது.)

மூன்றாவது வில்லையைக் கழற்றுவதற்குள் தெருமுனையில் ஹாரன் கேட்டது. எழுதியது எழுதியபடி கிடக்க, இறங்கி ஓடினேன்.

6

வண்டி என்னருகே நின்றது. கண்ணாடியம்மாவின் வயிறு எக்கியிருக்கவில்லை. பக்கத்தில் கணவர், தலையணைமேல்.

"எதிர்வீட்டு சாருக்கு நடு மண்டையில வழுக்கை இருக்கிறது இவ்வளவு நாளாத் தெரியலையே! நல்ல உசரம்மா. ஆமா, சின்னவன் எங்க?"

"குடுத்துட்டேங்க."

கணவர் வாயிலைப் பார்த்தார். காரை உதிர்ந்த தூணைப் பார்த்தார். தலைசாய்ந்த விளக்கைப் பார்த்தார்.

"தெருவுலயே இறங்கி மெதுவா நடக்கறீங்களா?" என்று கேட்டார் கண்ணாடியம்மா. "இல்ல, உள்ள வரைக்கும் விடட்டுமா?"

"போதும்மா, போதும்" என்றார் கணவர்.

எத்தனையோ ஆண்டு அதே குரலுக்குப் பரிமாறியவர் அவர். பின்கியரைப் போட்டார்.

கொழுந்தனார் தூணருகே நிற்கிறார், நான் மறுபக்கம். வண்டி வருகிறது. வளைவு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நிற்கவேண்டிய இடம் நெருங்குகிறது. கொழுந்தனார் "போ—" என்று தொடங்கி, நினைவு வந்து, வாயைப் பொத்திக்கொள்கிறார். "நி—" என்கிறார், எதிரே இருப்பவர் அண்ணி. என்னைப் பார்க்கிறார். என் மூக்கின்மேல் கண்ணாடியம்மா கொடுத்த கண்ணாடி. என் நாவின் நுனியில் 'கள்' விகுதி.

நான் உங்களைப் பார்க்கிறேன், வாசகரே. நீங்கள் அவருக்குக் கொழுந்தனும் அல்லீர்; அவரிடம் கண்ணாடி வாங்கியவரும் அல்லீர். அவருடன் ஒருமைக்கும் பன்மைக்கும் இடையே உங்களுக்கு எந்த வழக்கும் இல்லை. தூணுக்கும் வண்டிக்கும் இடையே ஒரு சாண் இருக்கிறது. சொல்லுங்கள்.

அரைச் சாண்.