தராசில் ஏறிய ஏசி

என் வீட்டுக்காரர் தராசு ரிப்பேர் செய்பவர். எதையும் மனசுக்குள் எடைபோடும் பழக்கம் அவருக்குக் கிடையாது, நிஜத் தராசில்தான் போடுவார். நல்லதுக்கு ஒரு சட்டைப் பொத்தான் இடது தட்டில், கெட்டதுக்கு ஒன்று வலது தட்டில். சோபா வாங்கும்போதும் இதே கூத்துதான். நாலு மாதம் தரையில் உட்கார்ந்திருந்தோம்.

மற்ற எல்லாவற்றிலும் ஒத்துப்போவோம். குளிர், சூடு என்று வந்தால் மட்டும் ஏழாம் பொருத்தம். நான் பகல் முழுக்க ஐஸ்கிரீம் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவள். வீட்டுக்கு வந்தால் எலும்பு வரைக்கும் சூடு வேண்டும். அவர் கடைக்கு அடுத்த சுவர் பேக்கரி அடுப்பு. வந்ததும் ஜன்னலையெல்லாம் திறந்து, ஃபேனை ஐந்தில் வைப்பார். போன வருஷம் பொறுக்க முடியாமல் தலையணையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டேன். மனுஷன் கூப்பிடுவார் என்று பார்த்தேன். கூப்பிடவே இல்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏசி மெக்கானிக்கான என் தம்பி வந்து ஒரு வழி சொன்னான். கூரையைப் பிரித்துக் காற்றுக் குழாய் இழுக்க வேண்டாமாம். வெளியே ஒரு பெட்டி, அறைக்கு ஒரு பெட்டி, சுவரில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை, அவ்வளவுதான். வெயிலுக்குக் குளிர்ச்சி, குளிருக்குச் சூடு. இரண்டு அறைக்கும் தனித்தனி ரிமோட்.

உடனே தராசு மேசைக்கு வந்தது. கூரை தப்பிக்கும், ஒரு பொத்தான். சத்தம் குறைவு, இன்னொன்று. ஆள் இல்லாத அறையை அணைத்து வைக்கலாம், அதற்கொன்று, இப்படியே இன்னும் சில. எதிர்ப்பக்கம், மாதாமாதம் ஃபில்டர் கழுவ வேண்டும், வெளியே தண்ணீர் சொட்டும், சுவரில் வெள்ளையாக ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். பத்து நாள் மதில் மேல் பூனையாக இருந்தவர் கடைசியில், வலது தட்டு தாழ்ந்துவிட்டது, வேண்டாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி பதில் கேட்டு வந்து நின்றான். எனக்குச் சந்தேகம். தட்டுகளை எண்ணினேன். நல்லது ஏழு, கெட்டது மூன்று. ஏழைவிட மூன்று எப்படிக் கனக்கும்? வலது தட்டைத் தூக்கிப் பார்த்தால், அடியில் கட்டியிருக்கிறது கட்டைவிரல் பருமனுக்கு ஓர் இரும்பு நட்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்.

"ஊர் தராசையெல்லாம் சரி பண்றவர், வீட்டுத் தராசுல கள்ளம் பண்றீங்களா?"

அவர் நட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுவும் ஒரு குறைதான். கொஞ்சம் பெரிய குறை. ரெண்டு ரூம்லயும் மாட்டிட்டா, நீ இந்த ரூமுக்குத் திரும்ப வரவே மாட்ட."

பேச்சில் என்னை ஜெயித்தவர்கள் எங்கள் தெருவிலேயே கிடையாது. அன்றைக்கு அந்த நட் ஜெயித்துவிட்டது. தம்பி கூரையை ஆராய்ச்சி பண்ணிக்கொண்டு நின்றான். ஒன்றே ஒன்று போதும், படுக்கையறையில் மாட்டு என்று அவனிடம் சொல்லிவிட்டு, முன்னறையிலிருந்து தலையணையை எடுத்து வந்தேன்.

அடுத்த ஞாயிறு மதியம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். இருபத்தைந்து டிகிரி, இருவருக்கும் பிடிக்காத எண். அவர் நெற்றியில் ஈரத்துண்டு, என் காலில் இரண்டு ஜோடி சாக்ஸ்.

"எனக்கு வேகுது," என்றார்.

"எனக்கு நடுங்குது," என்றேன்.

ரிமோட் நடுவில்தான் கிடந்தது. இருவரும் அதைத் தொடவில்லை.