பனிமூட்டத்தில் வந்த அக்கா

கடலிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்த பிற்பகலில் எல்ஸ்பெத் ரொட்டிக் கடைக்குக் கிளம்பினாள். வழக்கம்போல் தெரு நடுவே உயர்ந்திருந்த கற்களின் மேலேயே நடந்தாள். அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் மட்டும் நடந்த கற்கள் அவை. மற்றவர்கள் ஓரத்துச் சேற்றில் போக வேண்டும். சிவப்பு ஓடுகளும் புகைக்கூண்டுகளும் ஒவ்வொன்றாகக் கரைய, ஊரே தூக்கத்தில் மிதப்பதுபோல் இருந்தது.

எதிரே அதே கற்களின் மேல் ஓர் உருவம் வந்து நின்றது.

"கொஞ்சம் ஒதுங்குங்க," என்றாள் எல்ஸ்பெத்.

"ஏன், நீங்க ஒதுங்கினா என்ன?"

குரல் கேட்டதும் எல்ஸ்பெத்துக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அக்கா லிலியஸ். அப்பா விட்டுப்போன வீட்டை, பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் சங்கத்துக்கு லிலியஸ் விற்றதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. தேவாலயத்தில்கூட ஆளுக்கொரு பக்கம் உட்கார்வார்கள்.

"நீயாடி? சீமாட்டி இறங்க மாட்டீங்களோ?" என்றாள் லிலியஸ்.

"வீட்டை வித்தவ இறங்கட்டும்."

லிலியஸ் என்ன நினைத்தாளோ, இறங்கினாள். ஈரக்கல் வழுக்கியது. கணுக்கால் மடிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எல்ஸ்பெத் அவளைத் தோளில் தாங்கி எழுப்பினாள். பக்கத்தில் வெளிச்சம் தெரிந்த ஒரே கதவு அப்பாவின் அந்த வீட்டினுடையது. விற்றபின் அவள் மிதிக்காத வாசல். காவலுக்கு இருந்த மங்கோ ஹெகி எதுவும் கேட்காமல் கணப்பருகே நாற்காலிகளை இழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் போடப் போனார்.

எல்ஸ்பெத் அண்ணாந்து பார்த்தாள். சின்ன வயதில் இருவரும் படுத்துறங்கிய அறை. அன்று கரிபிடித்துக் கிடந்த கூரைப் பலகைகளில் இன்று மாதுளம்பழங்கள், பாய் விரித்த கப்பல், குடம் ஏந்திய ஒரு பெண்.

"இதெல்லாம் எப்போ வரைஞ்சாங்க?"

"யாரும் வரையலடி. நானூறு வருஷமா இங்கதான் இருக்கு. கரியைத் துடைச்சாங்க, அவ்வளவுதான். நீ கனவு கண்டு அலறுவியே, அப்பவும் அந்தக் கப்பல் உன் தலைக்கு மேலதான் நின்னுச்சு."

எல்ஸ்பெத் அந்தக் கப்பலைப் பார்த்தாள். கணப்பின் ஒளியில் பாய் மெல்ல அசைவதுபோல் இருந்தது.

"விக்காம விட்டிருந்தா கூரை ஒழுகி எல்லாம் அழுகியிருக்கும். சரிபண்ண நம்மால முடியுமா?" என்றாள் லிலியஸ்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்தான்."

எல்ஸ்பெத் குனிந்து அக்காவின் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தாள்: "ரொம்ப வலிக்குதாக்கா?"

"உன்கூடப் பேசறதைவிட இது பரவால்ல."

பூட்டும் நேரம் வந்ததும் மங்கோ சாவிக்கொத்தோடு எட்டிப் பார்த்தார். இருவரும் அண்ணாந்தபடி இருந்தார்கள். அவரும் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.